இருக்கும் துணிக்கு இன்னும் மூன்று வருடம்

இந்த அத்தியாயத்துக்கு வேண்டியவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஞ்ச் டேப், ஊசி, நூல், ஒரு பழைய டூத் பிரஷ், தீப்பெட்டி. பணம் செலவாகும் பகுதி கடைசியை ஒட்டித்தான் வருகிறது. ஃபாஸ்ட் ஃபேஷனை விட வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஆர்கானிக் காட்டன் சட்டை எங்கே கிடைக்கும்?" என்பதுதான். அதுவும் ஒரு புதுச் சட்டை. நெய்து, சாயமேற்றி, தைத்து, உங்கள் அலமாரிக்கு ஏற்கெனவே வந்துவிட்ட சட்டையை மூன்று வருடம் கூடுதலாக உடுத்தினால், உற்பத்திக்காக ஒரு சொட்டுத் தண்ணீரோ சாயமோ புதிதாகச் செலவாவதில்லை.

ஆகவே வரிசை இதுதான்: எண்ணுதல், துணியை அறிதல், துவைத்தல், பழுது பார்த்தல், வாங்குதல், கழித்தல். வரிசையை மாற்றினால் பணமும் போகும், அலமாரியும் பழையபடி நிரம்பிவிடும்.

நம் ஓசூர்ப் பகுதிக்கு இது ஏன் வேண்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, செடி விளைவதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வரை அது போனது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். உலகத்தின் பெரிய கடைகளுக்கு மலிவு உடுப்பு தைத்துக் கொடுத்த தொழிலாளர்கள் அவர்கள்.

நமக்கு இன்னும் பக்கத்திலும் இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஓசூருக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறக்கும் தண்ணீர் வெள்ளை நுரையாகப் பொங்கும் காட்சியைச் செய்திகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஆலைக் கழிவோடு வீடுகளின் சோப்புத்தூளும் அதில் கலந்திருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திரா, பொம்மனஹள்ளி என்று கார்மென்ட்ஸ் கம்பெனிகள். 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுக்கக் கட்டுப்பாடு வந்தபோது, தையல் மெஷினை விட்டெழுந்து ஓசூர் சாலையை நிறைத்தவர்கள் அந்தக் கம்பெனிகளின் பெண்கள். மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. சட்டை மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால், மணிக்கு இத்தனை பீஸ் என்று அவர்கள் தலைமேல் நிற்கும் டார்கெட்டும் இருக்கிறது. கழுத்துப் பட்டை நைந்ததும் அந்தச் சட்டையைத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை.

படி ஒன்று: எண்ணுங்கள்

1. வீட்டில் ஒருவருடைய துணியை மட்டும் எடுங்கள். எல்லோருடையதையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டால் மாலைக்குள் சலித்துவிடும்.
2. எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி நான்காகப் பிரியுங்கள்: இப்போது உடுத்துவது, பழுது பார்த்தால் உடுத்தக்கூடியது, அளவு சேராதது, தீர்ந்துபோனது.
3. எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். 'சட்டை 14, பேன்ட் 9, பழுது 6' என்றிருந்தால் போதும்.
4. பழுதுக் குவியலைத் தனிப் பையில் போட்டுக் கண்ணில் படும் இடத்தில் தொங்க விடுங்கள். பரணில் ஏற்றினால் அதன் பழுது நீங்காது, மறந்துதான் போகும்.

பொதுவான தவறு: முதல் நாளிலேயே பாதியை வெளியே தள்ளிவிடுவது. இடம் காலியானதும் கை தானாகக் கடைக்குப் போகும். தீர்ந்துபோனதைக்கூட இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைப் படிக்கும் வரை வைத்திருங்கள்.

பாதுகாப்பு: கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. எடுத்துவைத்த தொட்டில் துணி, ஸ்வெட்டர், கம்பளிக் குல்லாய் எதுவானாலும் துவைத்து நன்றாக வெயில் காட்டி, வேப்பிலை காய்ந்ததைத் துணியில் முடிந்து வைத்தால் போதும்.

படி இரண்டு: கையில் இருப்பது என்ன துணி?

துணி எதுவென்று தெரியாமல் துவைக்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது. லேபிள் இருந்தால் அதைப் பாருங்கள். பி.சி. என்றாலும் டெரிகாட்டன் என்றாலும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. கம்பெனி யூனிஃபார்ம் பெரும்பாலும் இந்த வகைதான். லேபிள் வெட்டப்பட்டிருந்தால் எரித்துப் பார்க்கலாம்.

1. உள்பக்கத் தையல் விளிம்பிலிருந்து நாலைந்து இழைகளை உருவி முறுக்கிக்கொள்ளுங்கள்.
2. எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். கேஸ் அடுப்பில் வேண்டாம்.
3. இழையை இடுக்கியால் பிடித்து நெருப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். விரலால் பிடிக்காதீர்கள். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும்.
4. வாசனையையும் சாம்பலையும் பாருங்கள்.

காகிதம் எரியும் வாசனையும் ஊதினால் பறக்கும் சாம்பலும் என்றால் பருத்தி. ரேயானும் இப்படித்தான் எரியும். தலைமுடி கருகும் வாடை, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரி என்றால் பட்டு அல்லது கம்பளி. சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணியாக இறுகினால் பாலியஸ்டர் அல்லது நைலான். காகித வாடையும் வந்து சாம்பலில் கடினமான மணிகளும் நெருடினால் கலப்புத் துணி.

முந்தானையைச் செருகிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிள்ளைகள் பார்க்கலாம், செய்யக் கூடாது.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. வெல்டிங், கிரைண்டிங், ஃபர்னஸ் பக்கம் வேலை செய்பவர் உள்ளே போட்டிருக்கும் பனியன் பாலியஸ்டராக இருந்தால், பொறி பட்ட இடத்தில் அது உருகித் தோலோடு ஒட்டும். அங்கே கனமான பருத்திதான் சரி. சமையலறைக்கும் இதே விதி.

படி மூன்று: துவைக்கும்போதுதான் துணி சாகிறது

உடுத்துவதால் நைவதைவிட, தேவையில்லாமல் துவைப்பதாலும் முரட்டுத்தனமாகத் துவைப்பதாலும் நைவதுதான் அதிகம். ஜீன்ஸ், ஜாக்கெட், ஸ்வெட்டர் ஆகியவற்றை ஒரு முறை போட்டதும் துவைக்க வேண்டியதில்லை. நிழலில் காற்றாடத் தொங்க விட்டால் அடுத்த முறைக்குத் தயார். உள்ளாடை, சாக்ஸ், வியர்வை பட்ட பனியன் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னொரு கை தூளைப் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்தத் தூள் துணியில் வெள்ளைப் படிவாகத் தங்கும், நிறம் மங்கும், மீதி சாக்கடை வழியாக ஏரிக்கும் ஆற்றுக்கும் போகும். பாக்கெட்டில் உள்ள அளவுக் கரண்டியைத் தூக்கிப் போடாமல் அதன்படியே போடுங்கள். மழைத்தண்ணீர் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் வெள்ளைத் துணிக்கு அதைப் பயன்படுத்துங்கள், பாதித் தூள் போதும்.

சாயம் போகும் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. சாயமேற்றி முடித்த துணியில் அது நிலைக்க வைக்காது. முதல் சில முறை குளிர்ந்த நீரில் தனியாக அலசுவதுதான் வழி. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைத் துணியின் உள்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தால் சாயம் விடுமா என்று தெரிந்துவிடும்.

பாலியஸ்டர், நைலான் துணிகள் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை நீரில் உதிர்க்கின்றன. மெஷினில் நாலு துணியைப் போட்டுச் சுற்றவிடாமல் தொட்டி நிறையச் சேர்த்து, குளிர்ந்த நீரில், குறைந்த நேரச் சுற்றில் துவைத்தால் உதிர்வது குறையும்.

*கம்பெனி யூனிஃபார்மில் எண்ணெய்க் கறை*

ஓசூர் வீடுகளில் வாராவாரம் வரும் வேலை இது. நன்றாகச் செய்தால் ஒரு யூனிஃபார்மின் ஆயுள் கணிசமாக நீளும்.

1. துவைக்கும் முன் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். பாக்கெட்டை வெளியே திருப்பி, பேன்ட்டின் கால் மடிப்பையும் பிரித்துப் பாருங்கள். லேத், மில்லிங் வேலை செய்பவர்களின் மடிப்புகளில் இரும்புச் சீவல் தங்கியிருக்கும். கையால் துழாவாதீர்கள், பிரஷ்ஷால் தள்ளுங்கள். கையில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாமல் சீழ் வைக்கும்.
2. கறை மேல் டால்கம் பவுடரோ மைதாவோ கனமாகத் தூவி ஓர் இரவு விடுங்கள். எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் தட்டிவிடுங்கள்.
3. கறைக்குக் கீழே பழைய துணியை மடித்து வைத்து, பாத்திரம் தேய்க்கும் திரவத்தை உள்பக்கத்திலிருந்து டூத் பிரஷ்ஷால் தட்டித் தட்டி இறக்குங்கள். வெளிப்பக்கத்திலிருந்து தேய்த்தால் கறை பரவும்.
4. கால் மணி நேரம் கழித்துக் கை பொறுக்கும் சூட்டில் அலசுங்கள்.
5. வெயிலில் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை மிச்சமிருந்தால் மறுபடி இந்தப் பட்டியலின் மூன்றாம் எண்ணுக்குப் போங்கள். இஸ்திரிச் சூடு பட்ட எண்ணெய்க் கறை பிறகு இறங்காது.

இந்தத் துணிகளைக் குழந்தை துணியோடு சேர்க்க வேண்டாம். கூலன்ட் பட்ட துணி தோலில் அரிப்பைத் தரும்.

பாதுகாப்பு, மூன்று விஷயம். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஊற்றிக் கறை எடுக்காதீர்கள், அதிலும் குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். பிளீச்சையும் டாய்லெட் ஆசிடையும் ஒரே பக்கெட்டில் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஷிஃப்ட் முடிந்ததும் உடுத்தியிருக்கும் யூனிஃபார்மின் மேல் ஏர் கன்னை அடித்துத் தூசி தட்டும் பழக்கம் பல ஷாப் ஃப்ளோரில் உண்டு. அழுத்தக் காற்று கண்ணில் துகளை ஏற்றும், சிறு காயம் இருந்தால் தோலுக்குள்ளேயே புகும். வீட்டுக்கு வந்து உதறிக்கொள்ளலாம்.

சாரல் காலத்தில் துணி காயாமல் முடைநாற்றம் வருவது, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் வழக்கமான தொல்லை. துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, ஃபேன் காற்று படுமாறு காயப் போடுங்கள். பாதி ஈரத்தில் மடித்து வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும். அந்தக் கறுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் போகாது.

இஸ்திரி: லேபிளில் ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. பாலியஸ்டருக்கு ஒரு புள்ளியிலிருந்து தொடங்குங்கள்.

படி நான்கு: பழுது பார்த்தல்

இந்த நூலிலேயே நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. நம் பகுதிக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது: தையல் தெரிந்தவர்கள் நிறைய. கார்மென்ட்ஸில் பத்து வருடம் காலர் மட்டுமே தைத்த அக்கா உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் எந்த வீடியோவும் தேவைப்படாது. கற்றுக்கொடுத்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

*ஊசியைப் பற்றி முதலில்*

சாதாரணச் சட்டைத் துணிக்கு 14 எண் ஊசி, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி கேட்டு வாங்குங்கள். கூர் ஊசி பனியன் இழையை அறுத்துவிடும். அப்போதைக்குத் தெரியாது, இரண்டு துவைப்புக்குப் பிறகு தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தோன்றும்.

கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு முனை கிடைக்காவிட்டால் அந்தப் பீஸையும் அக்கம்பக்கத்துத் துணிகளையும் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். வீட்டிலும் இதையே செய்யுங்கள். உடைந்த துண்டுகளை வெள்ளைத் தாளில் வைத்து ஊசி முழுமையாகச் சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் காந்தத்தைத் துணி மேல் ஓட்டுங்கள். குழந்தைத் துணியாக இருந்தால், துண்டு கிடைக்கும் வரை அதைப் போட்டுவிடாதீர்கள். மோட்டார் மெஷினில் நூல் கோக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

*தொடை இடுக்கில் நைந்த பேன்ட்டுக்கு ஒட்டுப் போடுதல்*

பைக்கில் தினம் போய்வருபவர்களின் பேன்ட் முதலில் நைவது இங்கேதான். முழுவதும் கிழியும் வரை காத்திருக்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரியும் கட்டமே சரியான நேரம்.

1. ஒட்டுத்துணியை, பழைய துணியானாலும், முதலில் துவைத்துக் காயவையுங்கள். புதுத்துணியைத் துவைக்காமல் வைத்துத் தைத்தால் பிறகு சுருங்கிச் சுற்றிலும் இழுக்கும்.
2. நைந்த இடத்தைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக, மூலைகளை வளைத்து வெட்டுங்கள். கூர்மூலை சீக்கிரம் பிரியும்.
3. பேன்ட் துணியின் நீள இழை போகும் திசையிலேயே ஒட்டுத்துணியின் இழையும் போகட்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். குறுக்காக வைத்தால் உட்காரும்போது ஒரு பக்கம் இழுத்து, ஒட்டின் ஓரத்திலேயே புதிய கிழிசல் விடும்.
4. பேன்ட்டை உள்வெளியாகத் திருப்பி, ஒட்டை உள்பக்கம் வைத்துக் குண்டூசி குத்துங்கள். அந்த இடத்தை மடித்து நீட்டிப் பாருங்கள், சுருக்கம் விழுந்தால் மாற்றிக் குத்துங்கள்.
5. ஓரத்தை வளைத்து ஒரு சுற்றுத் தையல். பிறகு நைந்த இடத்தின் மேல் கால் அங்குல இடைவெளியில் மேலும் கீழுமாக வரிவரியாகத் தையல். கையால் என்றால் ஓட்டுத் தையலே போதும், நூல் இரட்டையாக இருக்கட்டும்.
6. குத்திய குண்டூசிகளையும் எடுத்த குண்டூசிகளையும் எண்ணிச் சரிபாருங்கள்.

*காலர் திருப்புதல்*

சட்டை நன்றாக இருக்கும், காலரின் மடிப்பில் மட்டும் வெள்ளைவெள்ளையாக நைந்திருக்கும். பழைய தையல்காரர்கள் எல்லோரும் செய்துகொடுத்த வேலை இது, இப்போது கேட்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். "அண்ணா, காலரைத் திருப்பித் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு முகம் மலரும். நீங்களே செய்வதானால்:

1. பிரிக்கும் முன்பே காலரின் நடுவையும், காலர் நிற்கும் பட்டையின் நடுவையும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் காலர் ஒரு பக்கம் ஏறி நிற்கும்.
2. காலரின் மேல் பாகம் பட்டையோடு சேரும் தையலை மட்டும் நூல் கட்டரால் பிரியுங்கள். இதைத் தவறவிட்டால் காலர் ஒரு பக்கம் ஏறி நிற்கும்.
3. பிரிந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு, காலரைக் குப்புறத் திருப்புங்கள். நைந்த பக்கம் அடியில் போகும், தேயாத பக்கம் மேலே வரும்.
4. நடுக்குறியோடு நடுக்குறி சேர்த்து, பட்டையின் இரு மடிப்புக்கும் இடையில் காலரைச் செருகி, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்குமாக ஊசி குத்தி, பழைய தையல் தடத்திலேயே தையுங்கள்.

காலர் முனையில் பட்டன் துளை இருந்தாலோ, அடிப்பக்கம் வேறு நிறத் துணியாக இருந்தாலோ இது சரிவராது.

ஜிப் பற்றி ஒரு குறிப்பு: பல் சேராமல் திறந்துகொண்டால் பெரும்பாலும் தளர்ந்திருப்பது ரன்னர்தான். குறட்டால் ரன்னரின் இரு ஓரத்தையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அதற்கும் சேராவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றலாம்.

படி ஐந்து: வாங்குதல்

அலமாரிக் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்பே இந்தப் பட்டியலை எழுதிவிடுவது நல்லது. பணம் வந்த பிறகு எழுதும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்.

விலையை இப்படிக் கணக்கிடுங்கள்: 350 ரூபாய்ச் சட்டை பத்து முறையில் போய்விட்டால் ஒரு முறைக்கு 35 ரூபாய். 900 ரூபாய்ச் சட்டை 90 முறை உழைத்தால் ஒரு முறைக்குப் பத்து ரூபாய். ஆனால் விலை கூடினால் தரம் கூடும் என்று நம்பிவிடாதீர்கள். பர்கூர் ஜவுளிக் கடைகளானாலும் மாலில் உள்ள பெரிய பிராண்டானாலும் கையால் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் உள்பக்கத்தைத் திருப்புங்கள். சட்டைத் தையலில் ஓர் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையலாவது இருக்க வேண்டும். இஞ்ச் டேப்பை வைத்து எண்ணுங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். பிறகு விலாத் தையலின் இரு பக்கத்தையும் பிடித்து இழுங்கள். தையல் வழியே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். டி-ஷர்ட்டை மடித்துத் தொங்க விட்டுப் பாருங்கள். விலாத் தையல் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். காலரை வளைத்து விடுங்கள், உள்ளே ஒட்டிய கேன்வாஸ் நொறுங்கும் சத்தம் கேட்டாலோ குமிழி தெரிந்தாலோ முதல் துவைப்புக்கே கொப்புளம் கொப்புளமாகிவிடும். அடிமடிப்பில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று கடைசியாகப் பாருங்கள். பிள்ளைகளின் பேன்ட்டில் இரண்டு, மூன்று அங்குலம் இருந்தால் அடுத்த வருடம் இறக்கிக்கொள்ளலாம்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகள் எனக்குப் பிடித்தமானவை. தைத்து முடித்து, ஆர்டரில் மிஞ்சியதோ கழிக்கப்பட்டதோ அங்கே வருகிறது. அதை உடுத்தினால் புதிதாக ஒரு துணி உற்பத்தியாவதில்லை. ஆனால் ஏன் கழித்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் கையின் நிறமும் உடம்பின் நிறமும் ஒன்றா என்று பாருங்கள். நிற வேறுபாடும் ஒரு பட்டன் குறைவும் பரவாயில்லை. தையல் ஓரத்தில் ஊசி வெட்டிய துளைகள் இருந்தால் எடுக்காதீர்கள், அது நாளுக்கு நாள் பெரிதாகும்.

தைத்து உடுத்துவது இன்னும் நல்லது. டெய்லரிடம் அளவு கொடுக்கும்போதே "உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தையுங்க" என்று சொல்லிவிடுங்கள். வெட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. மிச்சத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ஒட்டுப் போட அதே நிறம் வேறெங்கும் கிடைக்காது.

முத்திரைகளில் நம்பத்தக்கவை சில உண்டு. கைத்தறிக்கு 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க், பட்டுக்கு 2004-ல் வந்த சில்க் மார்க், இயற்கை முறைப் பருத்திக்கு உலக அளவில் உள்ள ஜி.ஓ.டி.எஸ். சான்று. 1935 முதல் இருக்கும் கோ-ஆப்டெக்ஸில் வாங்கும் பணம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போகிறது. பட்டு நமக்கு உள்ளூர் விஷயமும்கூட. ஓசூரைச் சுற்றி முசுக்கொட்டைத் தோட்டங்கள் இருக்கின்றன, மத்திய பட்டு வாரியத்தின் பட்டுப்புழு மரபுவளக் காப்பகம் இருப்பதும் இங்கேதான். பச்சை இலைப் படமும் 'எக்கோ' என்ற சொல்லும் மட்டும் அச்சிட்ட அட்டைக்கு எந்த மதிப்பும் தராதீர்கள். அதைவிடத் தையலின் நெருக்கத்தை நான் நம்புவேன்.

படி ஆறு: கழித்தல்

உடுத்தக்கூடியதை முதலில் தெரிந்தவர்களுக்குள் கைமாற்றுங்கள். பள்ளிச் சீருடையும் ஸ்வெட்டரும் ஒரே தெருவில் நாலு வீடு சுற்றலாம். வடமாநிலங்களிலிருந்து வந்து சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குக் கம்பளியும் ஜாக்கெட்டும் மார்கழியில் உண்மையாகவே தேவைப்படும். கொடுப்பதைத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். 1999-ல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பெங்களூரிலும் துணி சேகரிக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஒரு மூட்டையாகச் சேர்த்து எடுத்துப் போகலாம். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் உங்கள் தெருவுக்கு இன்னும் வருகிறார் என்றால் அவருக்கும் கொடுங்கள், அவர் வழியாகப் போகும் துணிக்கு மறுவாழ்வு உண்டு.

தீர்ந்துபோன பருத்தித் துணிக்கு நம் ஊரிலேயே வேலை காத்திருக்கிறது. ஓசூர்ப் பட்டறைகள் மெஷின் துடைக்கப் பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகின்றன.

1. பனியன், லுங்கி, வேட்டி, பருத்திப் புடவை மட்டும் எடுங்கள். பாலியஸ்டர் இதற்குச் சரிவராது.
2. பட்டன், கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் பழுதுப் பையில் போடுங்கள். மெஷின் துடைக்கும்போது ஒரு கொக்கி கீறினால் வேலை கெட்டுவிடும்.
3. ஓரடிச் சதுரமாக வெட்டுங்கள். நீண்ட நாடாவாக விடாதீர்கள், சுழலும் பாகத்தில் சிக்கிக் கையை இழுத்துவிடும். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

பாலியஸ்டர் துணியைத் தெருவோரம் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை குழந்தைகளின் நுரையீரலுக்குத்தான் போகும். தலையணை, மெத்தைக்குள் அடைக்கலாம், கால் மிதியடி பின்னலாம், மாம்பழக் கூடைக்கு அடியில் பரப்பலாம். பரிகாரம் என்று ஆற்றில் விடுவதும் வேண்டாம். பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து அள்ளி எடுக்கும் துணிக்குவியல்களை ஒருமுறை பார்த்தவர் தென்பெண்ணைக் கரையில் அதைச் செய்யத் துணிய மாட்டார்.

எண்ணெய் துடைத்த துணி வேறு கணக்கு. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் தொழிற்சாலைகளின் எண்ணெய் படிந்த துணியும் இருக்கிறது. கம்பெனியில் பயன்படுத்தியதை அங்கே அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போட்டுவிட்டு வாருங்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டில் பெயின்ட், வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். திறந்த வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்து முழுவதும் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.